நீல கேட் வீட்டுப் பொண்ணு

அந்த மூலைக்கடை சலூனில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் முடி வெட்டுகிறவர் வாயைத் திறக்கவே மாட்டார். இன்னொன்றில் வெட்டுகிறவன் வாயை மூடவே மாட்டான். திறக்காதவருக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் பூட்டு. மூடாதவன் அவருடைய மனைவியின் தம்பி. அவனுக்கு ரேடியோ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர்களும் இருவருக்கும் இருக்கத்தான் செய்தன. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருவரும் சும்மா இருந்துவிடுவார்கள்.

பூட்டு என்ற பெயர் சும்மா வந்ததில்லை. நாற்காலியில் சாய்ந்து, கழுத்தில் துண்டைக் கட்டி, கண்ணையும் மூடிக்கொண்டால் மனுஷனுக்கு என்னதான் ஆகுமோ, உள்ளே கிடப்பதெல்லாம் வாய் வழியே வந்துவிடும். கட்டினவளிடம் சொல்லாததையும் கூடப் பிறந்தவனிடம் மறைத்ததையும் இவரிடம் கொட்டுவார்கள். இவர் கத்தரிக்கோலை நிறுத்தாமல் "ம்" என்பார். அந்த "ம்"முக்குள் போனது எதுவும் வெளியே வந்ததாகச் சரித்திரமே இல்லை. சாயங்காலம் தரையிலிருக்கும் முடியைக் கூட்டித் தள்ளும்போது கதைகளையும் சேர்த்துத் தள்ளிவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அதுதான் தப்புக் கணக்கு.

ஊருக்கு அந்த மௌனம் பெருமை. வீட்டில் அதோடு குடித்தனம் நடத்தியவளைக் கேட்டால் அல்லவா தெரியும்!

அவள் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பழகுகிறவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தெய்வத்தைக் கூப்பிடும்போது, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதிப்பது அவள் வேலை. அதனால் ஊருக்கு அவள் பிரேக் அக்கா. இத்தனை வருஷமாக மிதித்து மிதித்து, எங்கே என்ன வம்பு வந்தாலும் அவளுடைய வலது கால் தானாகவே தரையை அழுத்தும். வீட்டில் பால் பொங்கினால் முதலில் கால் அழுத்தும், அப்புறம்தான் கை போய் அடுப்பை அணைக்கும்.

"நான் சுவத்தோட குடும்பம் நடத்தறேன்டா," என்பாள் தம்பியிடம். "சுவத்துல முட்டினாலாவது சத்தம் வரும்."

"மாமா மனசுல பேசுவாருக்கா," என்பான் ரேடியோ.

"அது எனக்குக் கேக்கலையே!"

குழந்தை இல்லை. ஆரம்பத்தில் டாக்டர், டெஸ்ட் என்று அலைந்தார்கள். அப்புறம் எப்போதோ அலைவதை நிறுத்திவிட்டார்கள். எப்போது நிறுத்தினோம் என்று கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது, ஏனென்றால் அதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. ஒரே ஒரு தடவை அவள் பேச்சை எடுத்தாள். அவர் "ம்" என்றார். அதோடு சரி. அந்த "ம்"முக்காக மட்டும் அவள் அவரை மன்னிக்கவே இல்லை.

இப்படி இருந்த மனுஷனுக்குத்தான் மூளைக் காய்ச்சல் வந்தது. பிழைப்பாரா மாட்டாரா என்று கிடந்து, ஒருவழியாக எழுந்து வீட்டுக்கு வந்தார். வந்த மறுநாள் காலை, டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, யாரும் கேட்காமல் தானாகவே பேசினார்.

"நான் கப்பல்ல இருந்தப்போ இந்த மாதிரி டீ கெடைக்காது தெரியுமா? அங்க எல்லாத்துலயும் உப்பு."

அவள் கால் தரையை அழுத்தியது. கப்பலா? ஏரியில் படகு சவாரி போனதற்கே மூன்று நாள் தலை சுற்றிப் படுத்த மனுஷன்! அவரோ நிறுத்துவதாக இல்லை. புயல் வந்ததாம், சமையல்காரன் மேஜையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதானாம், கேப்டன் பார்க்காத நேரத்தில் இவர் ஒரு பூனையைக் கப்பலில் ஒளித்து வைத்திருந்தாராம். கல்யாணம் ஆன நாளிலிருந்து பேசாததை எல்லாம் ஒரே டீயில் பேசி முடித்தார்.

அவள் போன் போட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் வந்து கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அக்கா, இது கப்பல்காரர் கதைக்கா! மாசா மாசம் தாடி எடுக்க வருவாரே, அவரோட பூனை. மாமா, அது உங்க பூனை இல்ல!"

"போடா," என்றார் பூட்டு. "என் பூனை எனக்குத் தெரியாதா?"

ஆஸ்பத்திரி டாக்டரம்மா விவரம் சொன்னார். "இவர் பொய் சொல்லலம்மா. பொய் சொல்றவங்களுக்கு உண்மை எதுன்னு தெரியும். இவருக்கு நடுவுல நிறைய வருஷம் காணாமப் போயிருக்கு. புதுசா நடக்கறதும் ரொம்ப நேரம் நிக்காது. ஆனா மூளைக்குக் காலி இடம் ஆகவே ஆகாது. கைக்கு எட்டினத எடுத்து அங்க வெச்சிடும். அது தன்னோடதா அடுத்தவங்களோடதான்னு பாக்காது."

"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடறாருன்னு சொல்லுங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "முடிச்சு போடறது அவர் இல்ல, அவரோட மூளை. திட்டாதீங்க. கை வேலை மறக்கல, அதனால மெதுவா கடைக்கு அனுப்புங்க."

கை வேலை மறக்கவில்லைதான். நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றதும் சீப்பும் கத்தரிக்கோலும் பழையபடி பறந்தன. வாய்தான் பழையபடி இல்லை. போன பேச்செல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது. இத்தனை வருஷம் "ம்" போட்டு உள்ளே அனுப்பியதெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வெளியே வந்தது, அதுவும் எப்படி? "நான்" என்று ஆரம்பித்து!

ஒருநாள் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டே சொன்னார், "என் தலைல இருக்கறது என் முடியே இல்லீங்க. விக். வீட்டுல உள்ளவங்களுக்குக்கூடத் தெரியாது. தூங்கறப்பகூடக் கழட்ட மாட்டேன்." தன் முடியைப் பிடித்து இழுத்தும் காட்டினார். அது வருமா? "பாத்தீங்களா, எப்பேர்ப்பட்ட பசை!" என்று மெச்சிக்கொண்டார். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தலைமை ஆசிரியரின் பேப்பர் மெல்ல மெல்ல மேலே போய் அவர் தலையை மறைத்தது. கடை முழுக்க அந்தப் பேப்பரையே பார்த்தது. "அதெல்லாம் விளம்பரத்துல பாத்ததுங்க," என்று ரேடியோ சமாளித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் மறையுமா?

இனிமேல் ஒரு ஈ காக்கை வராது, கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று ரேடியோ தலையில் கை வைத்தான். நடந்ததோ வேறு. ரகசியம் இல்லாதவர்கள் கதை கேட்க வந்தார்கள். ரகசியம் உள்ளவர்களோ, நாம் இல்லாத நேரத்தில் நம் கதை வந்து தொலைத்தால் என்ன செய்வது என்று பயந்து, முடி வளராமலேயே முடி வெட்ட வந்தார்கள். பெஞ்சில் இடம் கிடைக்கவில்லை.

வீட்டிலும் பேச்சுதான். சாப்பிடும்போது பேச்சு, துணி மடிக்கும்போது பேச்சு. கப்பல் கதையை அவள் எத்தனை தடவை கேட்டாளோ, ஒவ்வொரு தடவையும் பூனை கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது. வெளியில் "ஐயோ, காது போச்சு" என்று புலம்பினாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்குப் பிடித்திருந்தது. யாருடைய கதையாக இருந்தால் என்ன, சொல்கிற வாய் தன் வீட்டு வாயல்லவா! பாடம் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு, கல்யாணமான புதிதில்கூட வராத அவசரத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

அப்போதுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கப்பல் கதையை உரக்கச் சொல்வாரே, அந்தக் குரலில் இல்லை, மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா."

அவள் கால் போட்ட அழுத்தத்தில் மேஜை குலுங்கியது.

"நீல கேட் வெச்ச வீடு. குழந்தை தானே கத்தரிக்கோலை எடுத்து முன்முடியைக் கோணலா வெட்டிக்கிட்டு நிக்கும். நான் ஷூ லேஸ் கட்டி விடுவேன். கட்டினதும் அவுத்துட்டு, மறுபடி கட்டுங்கன்னு காலை நீட்டும். ஒருநாள் அவ அம்மாகூட சண்டை. ரெண்டு நாள்ல வரேன்னு சொல்லிட்டு வந்தேன். போகவே இல்ல." கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்போ பெரிய பொண்ணா ஆயிருப்பா."

இதுவும் எவனுடைய கதையோ என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் மற்ற கதைகள் இன்று வந்தால் நாளை வராது. வந்தாலும் ஆளும் ஊரும் மாறியிருக்கும். இது மட்டும் தினமும் வந்தது. அதே நீல கேட், அதே கோணல் முடி, அதே ஷூ லேஸ். பூனை பெரிதானதே, இந்தக் குழந்தை வளரவே இல்லை.

அதைவிட ஒன்று அவளைக் குடைந்தது. கல்யாணமான புதிதில் அவர் ஒரு வருஷம் வேறு ஊரில் ஒரு பெரிய சலூனில் வேலை பார்த்தார். எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவார். அங்கே என்ன செய்தார், யாரோடு இருந்தார் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததை எல்லாம் கூச்சம் என்று அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது யோசித்தால் எல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. டாக்டர், டெஸ்ட் என்று தான் அழுதுகொண்டு அலைந்தபோது, இந்த மனுஷன் எங்கோ ஒரு குழந்தைக்கு லேஸ் கட்டிவிட்டு வந்து "ம்" போட்டுக்கொண்டிருந்தாரா?

தம்பியைக் கேட்டாள். "இது யார் கதைடா?"

"தெரியலைக்கா." ரேடியோவுக்குத் தெரியாத கதை என்று ஒன்று இருந்ததே அன்றுதான் தெரிந்தது.

டாக்டரம்மாவைக் கேட்டாள். "அவரோடதாவும் இருக்கலாம், வேற யாரோடதாவும் இருக்கலாம். வெளியிலேர்ந்து சொல்ல முடியாதும்மா," என்று கையை விரித்துவிட்டார்.

அவரையே கேட்டாள். "அந்தப் பொண்ணோட அம்மா யாருங்க?" அவர் வெகுநேரம் யோசித்தார். "முகம் வரல," என்றார்.

அவள் தம்பியிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள். "கேட்டுக்கோ. இது ஊரான் கதைன்னா, சாகற வரைக்கும் நான் இவரைப் பாத்துக்கறேன், ஒரு குறையும் இல்ல. இவரோட கதைன்னா, பெட்டியைத் தூக்கிட்டு கெளம்பிடுவேன். நீ வெச்சுப் பாத்துக்கோ உங்க மாமாவை."

"அக்கா, உடம்பு சரியில்லாத மனுஷன்..."

"எனக்கு மட்டும் மனசு நல்லாருக்கா?"

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொருத்தரையும் நிறுத்தி, பெற்ற பெண்ணை விட்டுவிட்டு வந்தவர் நீங்களா என்று கேட்க முடியுமா? அவளுக்குத் தெரிந்தது ஒரு வித்தை. பழகுகிறவர் பின்னால் பார்க்கிறாரா என்று அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். தன் கண்ணாடியில் பார்ப்பாள். சலூனில் கண்ணாடிக்கா பஞ்சம்? பாடங்களுக்கு நடுவில் காரை வெளியே நிறுத்திவிட்டு வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வாள். "என்னங்க, அந்த நீல கேட் வீடு..." என்று எடுத்துக் கொடுப்பாள். அவர் ஆரம்பித்துவிடுவார். அவள் கண்ணாடியில் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். கதையைக் கேட்டு யார் சிரிக்கிறார்கள், யார் "அப்புறம்?" என்கிறார்கள் என்பதல்ல, யார் ஒன்றும் கேட்காமல் இருக்கிறார்கள் என்பதுதான் அவளுக்கு வேண்டும்.

கப்பல்காரர் "அடப் பாவமே" என்றார். தலைமை ஆசிரியர் தன் கதை இல்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் தாராளமாகக் கண்ணீர்கூட விட்டார். ஒருத்தர் முகத்திலும் ஒன்றும் இல்லை. நாளாக ஆக அவளுக்குப் பெட்டியைப் பற்றிய யோசனை வலுத்தது. எந்தப் பெட்டி, அதில் எந்தப் புடவைகள் என்பது வரைக்கும் போய்விட்டது.

அப்படி இருக்கையில் ஒருநாள் பேக்கரிக்காரர் ஷேவிங்குக்கு வந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. வந்தால் கடையே கலகலக்கும். பூட்டு அவர் கழுத்தில் துண்டைக் கட்டினார், கட்டிக்கொண்டே கேட்டார்:

"போனீங்களா?"

"இல்ல," என்றார் பேக்கரிக்காரர்.

எங்கே என்று அவளுக்குப் புரியவில்லை. தம்பியைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கினான். "இவர்கிட்ட மட்டும் மாமா எப்பவும் அப்படிக் கேப்பாருக்கா. காய்ச்சலுக்கு முன்னாடியே. எங்கன்னு யாருக்குத் தெரியும்?"

சரி, நம் வேலையைப் பார்ப்போம் என்று அவள் நீல கேட்டை எடுத்துக் கொடுத்தாள். பூட்டு நுரையைக் குழைத்துப் பூசிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். கோணல் முடி வந்தது, ஷூ லேஸ் வந்தது. பெஞ்சில் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பேக்கரிக்காரர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருந்தார். கண்ணாடியில் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் கண்ணோரத்திலிருந்து இறங்கிய ஒரு சொட்டு, வெள்ளை நுரையில் கோடு போட்டுக்கொண்டு காதுப் பக்கம் போயிற்று.

"ரெண்டு நாள்ல வரேன்னு சொல்லிட்டு வந்தேன்," என்றார் பூட்டு.

பேக்கரிக்காரர் சடாரென்று எழுந்தார். நல்லவேளை, கத்தி இன்னும் முகத்துக்கு வரவில்லை. ஒரு பக்கம் நுரை, கழுத்தில் துண்டு, அப்படியே தெருவில் இறங்கி நடந்தார்.

அவளும் ஓடிப்போய் காரில் ஏறினாள். ஸ்டியரிங் பக்கத்தில் அன்றைய மாணவி, ஒரு பல் டாக்டர், அடுத்த பாடத்துக்காகக் காத்திருந்தாள்.

"அதோ, துண்டோட போறாரே, அவர் பின்னாடி போங்க!"

"எந்த கியர்ல மேடம்?"

"எதுலயாவது போங்க!"

சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தெரு அப்படி ஒரு துரத்தலைப் பார்த்ததே இல்லை. பேக்கரிக்காரர் நடந்தார். கார் அவருக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கி வந்தது. நடுவில் ஒரு நாய் காரை முந்திக்கொண்டு போயிற்று. பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்தபோது பிரேக் அக்காவின் கால் பழக்கத்தில் பிரேக்கை மிதித்துவிட, கார் செத்து நின்றது. "நான் எதுவும் பண்ணல மேடம்!" என்று பல் டாக்டர் கத்தினாள். இது வேலைக்கு ஆகாது என்று அவள் இறங்கி நடந்தே போய் அவரைப் பேக்கரியின் பின்கட்டில் பிடித்தாள்.

அவர் மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் நுரை காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"அது உங்க பொண்ணுதானே?" என்றாள் அவள். "ஆமான்னு சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஆமா," என்றார் அவர். "என் பொண்ணுதான். பக்கத்து ஊருதான். போக முகம் இல்லீங்க. ரெண்டு நாள்னு சொன்னது ரெண்டு மாசமாச்சு, அப்புறம் வருஷமாச்சு. நாளாக ஆக எந்த மூஞ்சியோட போறது? யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரே ஒரு தடவை சொன்னேன்."

அவளுக்கு மூச்சு வந்தது. பெட்டி, புடவை எல்லாம் மனதிலிருந்து பறந்தே போயிற்று. அந்த ஆளைக் கட்டிப்பிடித்துக் கும்பிடலாம் போல இருந்தது. அப்போதே கிளம்பியிருப்பாள். அவர் தொடர்ந்து பேசினார்.

"அன்னிக்கு அவர் கத்தரிக்கோலை நிறுத்திட்டார். அவர் நிறுத்தி நான் பாத்ததே இல்ல. 'எங்களுக்குக் கொழந்த இல்லீங்க. வீட்டுல அவ அழுதா என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல, அதனால வாயைத் திறக்கறதே இல்ல. உங்களுக்கு இருக்கு, போய்ப் பாருங்க'ன்னார். அன்னிலேர்ந்து துண்டு கட்டறப்போ எல்லாம் கேப்பார், போனீங்களான்னு. நானும் இல்லைன்னுதான் சொல்லிட்டு வரேன்."

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள்! அது சலூன் நாற்காலியில் யாரோ ஒரு பேக்கரிக்காரனுக்குக் கிடைத்திருக்கிறது. கோபமாக வந்தது, அழுகையாகவும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"துண்டைக் குடுங்க, கடைத் துண்டு," என்றாள் கடைசியில். வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை நாள் பட்ட பாட்டை யாரிடமாவது கொட்டியாக வேண்டும்.

"அந்தப் பொண்ணு உங்க பொண்ணு இல்லீங்க. கண்டுபிடிச்சிட்டேன். பேக்கரிக்காரரோட பொண்ணு. அவர் உங்ககிட்ட சொன்னதைத்தான் நீங்க உங்களோடதுன்னு நெனச்சிட்டு இருக்கீங்க."

அவர் அவளையே பார்த்தார். "நான் லேஸ் கட்டி விட்டேனே?"

"நீங்க கட்டல. அவர் கட்டினது."

"அப்போ எனக்கு?"

"நமக்கு யாரும் இல்லீங்க."

அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"ம்."

காய்ச்சலுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் "ம்" அது. ஜெயித்துவிட்டேன் என்று கொட்டி முழக்கிக்கொண்டு வந்தவள், அவரிடம் இருந்த ஒரே பெண்ணையும் பிடுங்கிக்கொண்டு நிற்கிறாள். இப்படி ஒரு ஜெயிப்பு எதற்கு? பாவி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் வாசற்படியில் வந்து நின்றார். முகம் தெளிந்திருந்தது. அவள் சொன்னதெல்லாம் அதற்குள் போயே போய்விட்டது.

"ஏன் அழுவுற?"

"அழல. வெங்காயம்."

அவர் பலகையைப் பார்த்தார். பலகையில் வெங்காயமும் இல்லை, ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டே குழாயை மூடினார்.

"நம்ம பொண்ணும் இப்படித்தான். அழுதா ஒத்துக்கவே மாட்டா. உன் பிடிவாதம் அப்படியே வந்திருக்கு."

அவள் வலது கால் எழுந்தது. நம்ம பொண்ணா? அம்மாவின் முகம் வரவில்லை என்றாரே, அந்தக் காலி இடத்தில் எதை எடுத்து வைத்திருக்கிறார்? கால் எழுந்தது எழுந்தபடியே நின்றது.

"உன் மூக்குதான் அவளுக்கு," என்றார் அவர். "நீல கேட்டைப் பிடிச்சிட்டு நிப்பாளே, முன்முடியைக் கோணலா வெட்டிக்கிட்டு..."

டாக்டரம்மா பாவம், திட்டாதீர்கள் என்றுதான் சொன்னார்; இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. பிறக்காத ஒரு குழந்தையைப் பற்றி அவளும் அவரும் பேசுவது இதுதான் முதல் தடவை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காலை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"நீலம் இல்லீங்க," என்றாள். "நம்ம வீட்டு கேட் பச்சை."

அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "ஆமால்ல. பச்சை."

"கோணலா வெட்டிக்கிட்டா, நீங்க சரி பண்ணி விட்டிருக்க மாட்டீங்க?"

"பண்ணினேனே! ஸ்டூல் மேல உக்கார வெச்சு. ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டா."

"யாரு, நம்ம பொண்ணா? எப்படிச் சும்மா இருப்பா?" என்றாள் அவள். "அப்புறம்?"

ரேடியோவிடம் மறுநாள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஒரு முழு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தான், அதுவே அதிசயம். "அக்கா, இது பொய் இல்லையா?" என்றான். "உன் வேலையைப் பாருடா," என்றாள் அவள்.

பச்சை கேட்டை அவள் தினமும் எடுத்துக் கொடுத்தாள், சொல்லிச் சொல்லி அது அவர் வாயில் ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் பேக்கரிக்காரர் பல நாள் கடைப்பக்கம் வரவில்லை. ஒருநாள் மத்தியானம் வந்தார். தாடி மண்டிக் கிடந்தது. பெஞ்சில் அவள் இருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கி, நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பூட்டு அவர் கழுத்தில் துண்டைக் கட்டினார். பேக்கரிக்காரர் யார், அவருக்கும் தனக்கும் என்ன பேச்சு என்று அவருக்கு ஒன்றும் நினைவில்லை. கைதான் துண்டை முடிச்சுப் போட்டது. அந்தக் கை போட்ட முடிச்சோடு வார்த்தையும் தானாக வந்தது.

"போனீங்களா?"

"போனேன்," என்றார் பேக்கரிக்காரர். "மொதல்ல கதவைத் தொறக்கல. அப்புறம் தொறந்தா. டீ போட்டுக் குடுத்தா. அவ்வளவுதான். அடுத்த வாரம் வரலாம்னு சொல்லியிருக்கா."

எங்கே, யார் என்று பூட்டுக்குத் தெரியாது. ஆனாலும் முகம் மலர்ந்தது. நுரையைக் குழைத்துக்கொண்டே சொன்னார், "பொண்ணுங்கன்னா அப்படித்தாங்க, உடனே பேச மாட்டாங்க. எங்க பொண்ணும் அப்படித்தான். அதோ உக்காந்திருக்காளே அவ அம்மா, அப்படியே இவ மாதிரி முன்கோபி. பச்சை கேட்டைப் பிடிச்சிட்டு நிப்பா. ஷூ லேஸைக் கட்டி விட்டா அவுத்துட்டு, மறுபடி கட்டுங்கன்னு காலை நீட்டுவா."

கண்ணாடியில் பேக்கரிக்காரரின் கண்கள் அவளைத் தேடின. அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. சொல்லிவிடுவாரோ? தன்னுடைய குழந்தை, தன்னுடைய லேஸ் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். பெஞ்சில் கப்பல்காரர் இருந்தார், தலைமை ஆசிரியர் இருந்தார், எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் இரண்டு கால்களும் தரையில் அசையாமல் இருந்தன.

பேக்கரிக்காரர் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ம்," என்றார்.